காயாத ஊஞ்சல்

மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்த யுத்த வருஷங்களில் ஊருக்குள் எங்கள் அப்பாவின் மதிப்பு திடீரென்று உயர்ந்தது. காரணம் ஆமணக்கு. எங்கள் பக்கம் அதைக் கொட்டமுத்து என்போம். மேட்டுக்காடு முழுக்க அதுதான் போட்டிருந்தோம். வறுத்து, இடித்து, காய்ச்சி எடுத்த விளக்கெண்ணெய் எங்கள் வீட்டில் இரண்டு மொடா நிறைய எப்போதும் இருக்கும். அந்த வாசத்துக்காக எங்கள் வீட்டுப் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டு போனவர்கள், சீமை எண்ணெய் நின்றதும் கையில் கிண்ணத்தோடு வந்து நின்றார்கள்.

அப்பா அந்த எண்ணெயைக் கிட்டத்தட்ட குலதெய்வமாகவே வைத்திருந்தார். வயிற்றுக்கு, கண்ணுக்கு, குதிகால் வெடிப்புக்கு, வண்டி அச்சுக்கு, செருப்புத் தோலுக்கு, கதவு கிறீச்சிட்டால் அதற்கு, மாடு படுத்தால் அதற்கு. ஒருமுறை பக்கத்துக் காட்டுக்காரருக்கும் அவர் தம்பிக்கும் வரப்புத் தகராறு வந்தபோது, இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஓர் உழக்கு விளக்கெண்ணெய் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். அப்படிச் செய்திருந்தால் சரியாகியும் இருக்கும். சண்டை போட நேரம் இருந்திருக்காது.

எங்கள் வீட்டின் பின்பக்கத்தில் ஒரு ஊஞ்சல் இருந்தது. ஆடி நோம்பிக்கு மரத்தில் கயிறு கட்டி ஆடுகிற தூரி இல்லை. வருஷம் முழுவதும் தொங்குகிற பலகை ஊஞ்சல். கிணற்றில் மாடு கட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த காலத்துக் கால்மரங்கள் இரண்டை நட்டு, மேலே ஒரு குறுக்குமரம் போட்டு, நாலு சங்கிலியில் ஒரு வேங்கைப் பலகையைத் தொங்கவிட்டிருந்தார்கள். மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். வெயிலும் மழையும் பட்டு அது சாம்பல் நிறத்தில் வெளுத்து, அங்கங்கே சிராய் கிளம்பி, உட்கார்ந்தவர்களின் தொடையைக் கீறிக்கொண்டிருந்தது. யாரும் கவனிக்கவில்லை. எனக்குப் பெண் பேச ஆரம்பித்த பிறகுதான் அப்பாவின் கண் அதன் மேல் விழுந்தது.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். விட்டதற்குக் காரணம் படிப்பு வராதது அல்ல. ஆறாம் வகுப்பில் எழுந்து நின்று சத்தமாகப் படிக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். அந்த அளவுக்குக் கூச்சம். அதனாலேயே இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிற்று. முதலில் வந்தவர்கள் என்னைப் பண்ணையத்து ஆள் என்று நினைத்து மாட்டைப் பிடித்துக் கட்டச் சொன்னார்கள். நானும் கட்டினேன். இரண்டாவதாக வந்தவர்கள் தரகரைத் தனியாகக் கூப்பிட்டு, "பையனுக்குப் பேச்சு வருமுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

மூன்றாவது இடம் பரமத்தி வேலூர். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிற குடும்பம். நாமக்கல் கோயிலில் பெண் பார்த்தோம். பார்த்தோம் என்று சொல்வது ஒரு வழக்கத்துக்குத்தான். நான் பார்த்தது கோயில் தரையை. திரும்பும்போது தூணுக்கு அந்தப் பக்கம் பெண்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. யாரோ ஓர் அம்மாள், "என்ன கண்ணு, அந்தப் பையன் வாயவே தொறக்கல, ஊமையா என்னமோ" என்றாள். அதற்கு அந்தப் பெண், "பேசறதுக்கு எங்கூட்டுல எட்டுப் பேரு இருக்கறாங்க அத்தை. கேக்கறதுக்கு ஒருத்தரு வந்தா ஆகாதுங்களா?" என்றாள்.

இந்தப் பெண் இல்லை என்றால் வேறு பெண் வேண்டாம் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

வைகாசிக் கடைசியில் பெண்ணின் அப்பாவும், அவர்கள் வீட்டோடு இருக்கிற தாய்மாமனும் எங்கள் வீடு பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். பத்து நாள் இருந்தது. "அவங்களத் தூரியில உக்கார வெச்சு, கையில எளநி குடுத்துட்டா பாதிக் காரியம் முடிஞ்சுது" என்று அப்பா சொன்னார். ஊஞ்சலைப் புதுப்பிக்கிற வேலை என்னுடையதாயிற்று. பேச வேண்டாத வேலை எதுவாக இருந்தாலும் எனக்குச் சம்மதம்.

ஆசாரி வந்து பார்த்தார். பலகையைக் கழற்றிச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி இரண்டு நாள் நிழலில் காயவைக்கச் சொன்னார். பிறகு உடைந்த கண்ணாடிச் சில்லால் மரத்தைச் சுரண்டிக் காட்டினார். சாம்பல் நிறம் சுருள் சுருளாக உதிர்ந்து, உள்ளேயிருந்து வேங்கையின் செவ்வரி வெளியே வந்தபோது எனக்கே ஆசையாக இருந்தது. "ஆளிவெத எண்ணெயில காவியக் கொழச்சு ரெண்டு கை பூசுங்க. ஒரு கை காஞ்ச பொறகு மறு கை. அஞ்சாம் நாளு ராசா மாதிரி உக்காரலாம்" என்று சொல்லிவிட்டு, கொல்லிமலை அடிவாரத்தில் ஏதோ வீட்டு வேலைக்குப் போய்விட்டார்.

ஆளிவிதை எண்ணெய்க்குச் சேலம் போனேன். கடையில் என் முறை மூன்று தரம் வந்து போன பிறகு வாயைத் திறந்தேன். "அதெல்லாம் பட்டாளத்துக்குப் போகுது" என்றார் கடைக்காரர். வெறுங்கையோடு திரும்பி வந்து அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா என்னை வெகுநேரம் பார்த்தார். "ரெண்டு மொடா எண்ணெய ஊட்டுல வெச்சுக்கிட்டு எண்ணெ தேடிச் சேலத்துக்குப் போனவன் ஊர்லயே நீ ஒருத்தன்தான் சாமி."

"ஆசாரி ஆளிவெத எண்ணெதான்னாருங்க."

"அந்த ஆசாரி ஊட்டு வண்டிக்கு யாரூட்டு எண்ணெ போடறான்? கேளு."

கேட்க ஆசாரி ஊரில் இல்லை. மேற்கொண்டு பேச எனக்குத் தெம்பும் இல்லை. காவியை விளக்கெண்ணெயில் குழைத்துப் பூசினேன்.

அழகு என்றால் அப்படி ஓர் அழகு. பலகை பழுத்த இலந்தைப்பழம்போல மினுங்கியது. முகம் தெரிந்தது. அம்மா அடுப்பை விட்டு வந்து பார்த்துவிட்டுப் போனாள். "பாத்தியா?" என்றார் அப்பா.

மறுநாள் தொட்டேன். விரல் சிவந்தது. மூன்றாம் நாள் தொட்டேன். சிவந்தது. வெயிலில் வைத்தால் இன்னும் இளகியது. அப்பா அதைப் பார்த்து, பூச்சு போதவில்லை, இன்னொரு கை பூசு என்றார். பூசினேன். நாலாம் நாள் ஒரு கோழி பலகை மேல் ஏறிவிட்டுச் சிவந்த காலோடு வீடு முழுக்க நடந்தது. ஐந்தாம் நாள் பூனை. அம்மா சொன்னாள் என்று தவிட்டைத் தூவித் துடைத்தோம். தவிடு அப்படியே ஒட்டிக்கொண்டது. அதைச் சுரண்டி எடுக்க ஒரு பகல் போயிற்று. விளக்கெண்ணெய் என்ன செய்தாலும் காயாது என்பதை அந்தப் பத்து நாளில் நான் கற்றுக்கொண்டேன். வீட்டில் அத்தனை வருஷமாக மொடா மொடாவாக வைத்திருந்தும் அது எங்களுக்குத் தெரியவில்லை. எதற்குப் போட்டாலும் வழுக்க வேண்டும் என்றுதானே போட்டோம், காய வேண்டும் என்று எதற்குப் போட்டோம்?

பத்தாம் நாள் காலையில் அப்பா ஒரு பவானி ஜமக்காளத்தை எடுத்து வந்து நாலாக மடித்துப் பலகை மேல் விரித்தார். "இதுக்கு மேல உக்காந்தா ஒண்ணும் தெரியாது."

அவர்கள் வந்தார்கள். பெண்ணின் அப்பா கனத்த உடம்பு. தாய்மாமன் அதைவிடக் கனம். இரண்டு பேரும் தும்பைப்பூவாக மல் வேட்டி கட்டியிருந்தார்கள். துணிக்கும் கட்டுப்பாடு இருந்த காலம். அப்படி ஒரு வேட்டியைக் கண்ணால் பார்த்தே வெகுநாளாகியிருந்தது. காட்டைப் பார்த்தார்கள், கிணற்றைப் பார்த்தார்கள், பின்பக்கம் வந்தார்கள். அப்பா இளநீர் வெட்டிக்கொண்டு வரத் தோப்புக்குப் போனார். நான் மட்டும் அவர்களோடு நின்றேன்.

தாய்மாமன் ஜமக்காளத்தின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். "அட, வேங்கைப் பலகைங்க மச்சான். இத்தன நல்ல மரத்த எதுக்கு மூடி வெச்சிருக்கறாங்க?" என்றபடி ஜமக்காளத்தை உருவி, ஒழுங்காக மடித்து, சங்கிலிப் பக்கம் கீழே வைத்தார்.

உட்காராதீர்கள் என்று ஒரே ஒரு சொல் சொல்ல வேண்டும். வீட்டுக்கு முதல்முதலாக வந்த சம்பந்தக்காரர்களைப் பார்த்து உட்காராதீர்கள் என்று எப்படிச் சொல்வது?

"என்ன தம்பி, உக்காரலாமுங்களா?" என்று பெண்ணின் அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஆமாங்க" என்றேன்.

உட்கார்ந்தார்கள். சங்கிலியில் நன்றாகச் சாய்ந்து, காலால் உந்தி, ஆடியபடி பேசினார்கள். கொடிக்காலுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விட வேண்டும் என்று தாய்மாமன் எனக்குச் சொன்னார். நான் பலகையையே பார்த்துக்கொண்டு தலையாட்டினேன். பேச்சை இவ்வளவு கவனமாகக் கேட்கிற பையனைப் பார்த்ததில்லை என்று பிற்பாடு அவர் சொன்னாராம். இளநீரோடு வந்த அப்பா, கீழே மடித்து வைத்திருந்த ஜமக்காளத்தைப் பார்த்தார். இளநீர் கையிலேயே இருந்தது. வாங்கிக்கொள்ள அவர்கள்தான் கையை நீட்ட வேண்டியிருந்தது.

எழுந்தபோது வாழைப்பட்டையை உரிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. இரண்டு வேட்டிகளின் பின்னாலும் ஆளுக்கு ஒரு தாம்பாளம் அளவுக்குச் சிவப்பு.

அப்பா என் காதில், "வாயத் தொறந்தராத" என்றார். என்னிடம் போய் அதைச் சொன்ன ஒரே மனிதர் அவர்தான்.

பஸ் நிற்கிற ரோட்டுக்கு ஊர் நடுவே நடந்துபோக வேண்டும். வழியனுப்ப நான் கூடப் போனேன். பின்னால் ஒட்டிக்கொண்டு போனேன். இரண்டு பேரின் பின்புறத்தை ஒருத்தன் மறைப்பது சுலபமில்லை. இடது பக்கம் ஆள் வந்தால் இடதுக்கும், வலது பக்கம் வந்தால் வலதுக்கும் தாவினேன்.

"முன்னால வாங்க தம்பி, பேசிக்கிட்டே போலாம்" என்றார் பெண்ணின் அப்பா.

"இருக்கட்டுங்க."

"பெரியவங்களுக்குச் சரியா நடக்கமாட்டீங்களாக்கும். நல்லதுங்க, நல்லதுங்க."

தண்ணீர்க் குடத்தோடு வந்த ஒருத்தி, "தாலியே கட்டல, அதுக்குள்ள மாமனார் முதுவுல ஒட்டிக்கிட்டான் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். பெட்ரோல் கிடைக்காமல் அடுப்புக்கரியில் ஓடிய கரி பஸ் புகைந்துகொண்டு வந்தது. அவர்கள் ஏறிப் போனார்கள்.

ஒரு வாரம் ஆயிற்று. பதில் இல்லை. ஆனி பிறந்துவிட்டது. தரகர் வந்து, வேலூர்க்காரர்கள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, கரூர்ப் பக்கம் ஓர் அரிசி மில்லுக்காரர் பையனுக்கும் அந்தப் பெண்ணைக் கேட்கிறார்களாம் என்றார். ஆனிக்குள் முடியாவிட்டால் ஆடியில் பேச்சே கிடையாது. ஆவணியில் சம்பந்தம் கரூருக்குப் போய்விடும். அவமானப்படுத்திவிட்டோம் என்று அவர்கள் நினைப்பதாகவே எனக்குத் தோன்றியது. சாப்பாடு இறங்கவில்லை. அதற்கும் அப்பா விளக்கெண்ணெய் கொடுத்தார்.

இரண்டு நாள் யோசித்து, வெண்ணந்தூரில் தெரிந்த நெசவுக்காரர் ஒருவரிடம் ஒரு குடம் எண்ணெயைக் கொடுத்துவிட்டு இரண்டு வேட்டிகள் வாங்கினேன். அவற்றைக் கொடுத்து, ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்று வேலூர் பஸ் ஏறினேன். அந்த ஒரு வார்த்தையை வழிநெடுக மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

முன்வாசலில் ஆள் இருந்தால் என்ன செய்வது என்று பின்பக்கமாகப் போனேன். அங்கே அவள் துவைகல்லுக்குப் பக்கத்தில் நின்றாள். கல்லின் மேல் இரண்டு மல் வேட்டிகள். உவர்மண் போட்டுத் தேய்த்திருந்தாள். சிவப்பு, ரோஜா நிறம்வரை இறங்கியிருந்தது.

"யாருங்க?" என்று திரும்பியவள் என் கையிலிருந்த வேட்டிகளைப் பார்த்தாள். உடனே புரிந்துகொண்டாள். கல்யாணப் பேச்சு முடியாமல் பெண்ணும் மாப்பிள்ளையும் நேருக்கு நேர் பேசக் கூடாது. ஆகவே பக்கத்தில் கட்டியிருந்த கன்றுக்குட்டியைப் பார்த்து அவள் பேச ஆரம்பித்தாள்.

"தூரிக்கு வௌக்கெண்ணெயப் பூசினது யாருன்னு கேளு."

நானும் கன்றுக்குட்டியிடமே, "நாந்தானுங்க" என்றேன்.

"வேட்டிய மோந்து பாத்தப்பவே தெரிஞ்சுது. ஆனா அது எனக்கு மட்டுந்தான் தெரியும். அன்னிக்கு பஸ் ஏறும்போது அப்பா வேட்டிய மாமன் பாத்திருக்கறாரு. எறங்கும்போது மாமன் வேட்டிய அப்பா பாத்திருக்கறாரு. மொகத்துக்கு நேரா எப்புடிக் கேக்கறதுன்னு ரெண்டு பேரும் கேக்கல. பொழுது எறங்கி வந்து அவுத்துப் போட்டவங்க, அவங்கவங்க வேட்டியத் திரும்பிக்கூடப் பாக்கல."

"என்னன்னு நெனச்சாங்களாமுங்க?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "மூலம்னு. ரத்த மூலம்னு."

கன்றுக்குட்டி என்னைப் பார்த்தது. நான் தரையைப் பார்த்தேன்.

"மாமனுக்கு மருந்தாக் கருணக்கெழங்கு ஆக்கிப் போடு, ஆனா காட்டிக்காதேன்னு அப்பா அம்மாகிட்டச் சொன்னாரு. மச்சானுக்கு ஆக்கிப் போடு, காட்டிக்காதேன்னு மாமனும் வந்து அம்மாகிட்டச் சொன்னாரு. அம்மா ரெண்டு பேருக்குமேன்னு முடிவு பண்ணி மூணு வேளையும் கெழங்கு ஆக்குது. மத்தவரு கூச்சப்படக் கூடாதுன்னு ஒருத்தருக்காக ஒருத்தரு உக்காந்து தின்னுக்கிட்டு இருக்கறாங்க. மாமன் ஒடம்பு தேறாம தாம்பூலம் எப்புடி மாத்தறதுன்னு அப்பா. மச்சான் தேறட்டும்னு மாமன். நான் வாயத் தொறந்தா, இவளுக்கு அந்தப் பக்கம் அத்தன அக்கற எதுக்குன்னு கேப்பாங்க. ஆடிக்கு இன்னும் இருவத்திமூணு நாளுதான்." ஒரு வேட்டியை எடுத்து முறுக்கிப் பிழிந்தாள். "சொல்றவங்க சொன்னாத்தான் உண்டு. உள்ளதான் சாப்புட்டுக்கிட்டு இருக்கறாங்க."

ஒரு வார்த்தை பேச வந்தவன் நான். பெண்ணின் அப்பாவிடமும் தாய்மாமனிடமும் அவர்களுடைய மூலத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று தெரிந்திருந்தால் வீட்டை விட்டே கிளம்பியிருக்க மாட்டேன். திரும்பிப் போய்விடலாம் என்றும் நினைத்தேன். அவள் இரண்டாவது வேட்டியை உதறிக் கொடியில் போட்டாள். அதில் இன்னும் தெரிந்த அந்த ரோஜா நிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனேன்.

இரண்டு பேரும் எதிரும் புதிருமாக இலைக்கு முன் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு இலையிலும் கிழங்கு குவிந்திருந்தது.

"அட, வாங்க தம்பி. ஊட்டுல எல்லாம் சௌக்கியமுங்களா? சொல்லுங்க" என்றார் பெண்ணின் அப்பா.

"ரத்தமில்லீங்க" என்றேன்.

இரண்டு கைகளும் இலையிலேயே நின்றன.

"காவிங்க" என்றேன். பிறகு எப்படியோ எல்லாவற்றையும் சொன்னேன். ஆசாரி சொன்னது, சேலத்தில் எண்ணெய் கிடைக்காதது, அப்பா சொன்னது, கோழி, பூனை, தவிடு, ஜமக்காளம். என் ஆயுளில் அவ்வளவு நீளமாக நான் பேசியது அது ஒருமுறைதான். முடித்தபோது என் காது இரண்டும் சூடாக இருந்தன.

தாய்மாமன் மெதுவாக நிமிர்ந்து எதிரே பார்த்தார். "அப்ப உங்களுக்கு ஒண்ணுமில்லீங்களா மச்சான்?"

"எனக்கென்ன? உனக்குத்தான மாப்ள."

"எனக்கா? எனக்கு எப்பங்க வந்துது? நீங்க சங்கடப்படக் கூடாதுன்னுதானுங்க ஒம்போது நாளா இந்தக் கெழங்கத் தின்னுக்கிட்டு இருக்கறேன்."

"நான் மட்டும் ஆசைப்பட்டா தின்னேன்?"

பிறகுதான் இருவருக்கும் ஒரே சமயத்தில் உறைத்திருக்க வேண்டும். "அப்ப என் வேட்டியிலயுமா?" என்றார் பெண்ணின் அப்பா. "கடவீதி வழியா வந்தமேடா." தாய்மாமன் என் பக்கம் திரும்பினார். "அதுக்குத்தான் பொறத்தாலயே வந்தீங்களா தம்பி? நாங்க மரியாதைன்னு நெனச்சுட்டமே."

"மரியாதையுந்தானுங்க."

அடுப்படியில் ஏதோ பாத்திரம் உருண்டது. பெண்ணின் அம்மா சிரிப்பை அடக்க வாயில் முந்தானையை வைத்துக்கொண்டது கதவு வழியாகத் தெரிந்தது. பெண்ணின் அப்பா சிரிக்கவில்லை. என் கையிலிருந்த புது வேட்டிகளையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த நேரத்தில் கரூர் மில்லின் சத்தம்கூட எனக்குக் கேட்டது.

"பலகை இப்பக் காஞ்சுதா?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

"காயாது. சுடுதண்ணியில உவர்மண்ணக் கரச்சு ஊத்தித் தேச்சு, மொத்தத்தையும் எடுத்துப்போடுங்க. நாங்க தாம்பூலம் மாத்த வாரப்ப வெறும் மரமா இருந்தாப் போதும்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. தாய்மாமன்தான் விளக்கினார். "எங்க ரெண்டு பேருக்கும் ஒடம்புக்கு ஒண்ணுமில்லீன்னு ஆயிப்போச்சு. அப்பறம் எதுக்குங்க தள்ளிப்போடறது? வார வெசாழக்கெழமையே வெச்சுக்கலாமுங்க மச்சான்."

"ஆகட்டும். முதல்ல தம்பிக்கு எலையப் போடச் சொல்லு."

இலை போட்டார்கள். கிழங்கு ஒரு சட்டி நிறைய மிச்சமிருந்தது. தாய்மாமன் தன் இலையில் தொடாமல் இருந்ததையும் எனக்கே தள்ளச் சொன்னார். அன்றைக்கு அவசரத்தில் புளி குறைவாகப் போட்டிருந்தார்கள். இரண்டாவது கவளத்திலேயே தொண்டை அரிக்க ஆரம்பித்துக் குரல் அடைத்துக்கொண்டது. அதன் பிறகு பொழுது சாய நான் பஸ் ஏறுகிறவரைக்கும் என்னால் ஒரு சொல்கூடப் பேச முடியவில்லை. அந்த வீட்டில் யாரும் அதை வித்தியாசமாக எடுத்துக்கொள்ளவில்லை.